உங்க ஸ்விட்சுக்கு மணி தெரியுமா?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. எந்தப் படம் எப்போது எடுத்தது என்ற குறிப்பு இருப்பதால்தான் அது சாத்தியம். ஆபீஸிலோ ஹோம்ஸ்டேயிலோ இருக்கும் மேனேஜ்டு ஸ்விட்சுக்கும் இதே கதைதான்.

மலையில் மழை பிடித்தால் கரன்ட் போவது சகஜம். பல சின்ன ஸ்விட்சுகளில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரன்ட் திரும்பியதும் தேதி எங்கோ பின்னால் போய்விடும். ‘நேத்து நெட் எப்போ கட் ஆச்சு, யார் லாகின் பண்ணாங்க?’ என்று பிறகு லாக்கில் தேடினால் விடை கிடைக்காது.

என்ன செய்யணும்? பிரவுசரில் ஸ்விட்சின் ஐபி முகவரியைப் போட்டு உள்ளே போங்க. ‘சிஸ்டம்’ பக்கத்தில் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதெல்லாம் தெரியும். ‘படிக்கட்டு மாடி ரேக்’ என இருப்பிடத்தையும் எழுதி வையுங்க. நேர அமைப்பில் +5:30 தேர்ந்தெடுத்து, என்டிபி சர்வர் முகவரி கொடுங்க. நெட் கிடைத்ததும் ஸ்விட்ச் தானாகவே மணியைச் சரிசெய்துகொள்ளும். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் இந்தச் சேவையைத் தருகிறது. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையும் கையோடு மாற்றிவிடுங்க.

கடைசியாக ஒன்று: பல மாடல்களில் ‘அப்ளை’ மட்டும் போதாது. ‘சேவ்’ அழுத்த மறந்தால், அடுத்த கரன்ட் கட்டில் செய்ததெல்லாம் போச்சு!