கொட்டாவி வரவைக்கும் ஐடியாக்கள்

2010-இல் ஸ்டார்ட்-அப் என்றால் பேஸ்புக் கேம், இல்லையென்றால் தள்ளுபடி கூப்பன். அந்த வருஷம் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதம் கையில் எடுத்ததோ ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர். கம்பெனிக்கு வருகிற புகார்களை வரிசைப்படுத்திப் பதில் போடுகிற சமாச்சாரம். கேட்டாலே கொட்டாவி வரும்.

ஆனால் அவர் ஜோஹோவில் அதே மாதிரி சாஃப்ட்வேரில் வேலை பார்த்தவர். அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது டிவி உடைந்துபோய், இழப்பீட்டுக்காக அலைந்தவரும்கூட. ஜென்டெஸ்க் விலையை ஏற்றியதில் வாடிக்கையாளர்கள் கொதித்துப்போயிருப்பதை ஹேக்கர் நியூஸில் படித்தார். பிரச்சினை இருக்கு, அதுக்குக் காசு கொடுக்கிறவங்க இருக்காங்க, அவங்க கோபமாவும் இருக்காங்க. வேறென்ன வேணும்?

2011-இல் ஃப்ரெஷ்டெஸ்க் வந்தது. முதல் வாடிக்கையாளர் யார் தெரியுமா? நம்ம ஆஸ்திரேலியாதான்! பெர்த் பக்கம் ஆட்வெல் காலேஜ் என்ற பள்ளிக்கூடம். 2021 செப்டம்பரில் கம்பெனி, ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில், நாஸ்டாக்கில் ஏறியது.

ட்ரெண்டை விட்டு விலகினால் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜோஹோ 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் மேலாண்மை சாஃப்ட்வேரில்தான் தொடங்கியது. 2001 சரிவில் அதை வாங்கிக்கொண்டிருந்த டெலிகாம் கருவி நிறுவனங்கள் படுத்தபோது அவர்களுக்கும் பலத்த அடி. வெளி முதலீடு வாங்கியிருக்கவில்லை; அவசரப்படுத்த ஆள் இல்லாமல் வேறு பொருளுக்கு மாற முடிந்தது.

இப்போது கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் கேன்டீனில் நின்றால் காதில் விழுவதெல்லாம் ஏஐ. இரண்டு பிள்ளைகள், 24 வருஷ வீட்டுக் கடன் பாக்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வேலையை விட்டுவிட்டு அதில் இறங்கப் போகிறாராம். "யாருக்கு விப்பீங்க?" என்றேன். "அதெல்லாம் அப்புறம், மார்க்கெட் சூடா இருக்கு." எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் செய்ய நினைப்பதைப் பெரிய கம்பெனி ஒன்று அடுத்த அப்டேட்டில் இலவசமாகவே கொடுத்துவிடலாம்.

கோயிலைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டையைப் பாருங்கள். எத்தனை சின்னப் பட்டறைகள்! என் மச்சான் அப்படியொரு கேபினட் பட்டறையில் இருக்கிறார். அளவு நோட்டில், கோட் எக்ஸெலில், வாடிக்கையாளர் சொல்லும் மாற்றம் வாட்ஸப்பில். போன மாசம் ஒரு கிச்சன் பெஞ்ச்டாப்பைப் பழைய அளவிலேயே வெட்டிவிட்டார்கள். கல்லும் போச்சு, கூலியும் போச்சு. அந்த முதலாளிக்கு ஏஐ வேண்டாம். கடைசி அளவு எது என்று தெரிந்தால் போதும். (அதை உள்ளுக்குள் ஏஐ வைத்துச் செய்தால் அவர் தடுக்கப் போவதில்லை.)

இந்த மாதிரிப் பத்து பட்டறைகளில் ஏறி இறங்க நாலு சனிக்கிழமை போதும். மாசம் 50 டாலர் தர மூன்று பேராவது சம்மதித்தால் வேலையில் இருந்துகொண்டே தொடங்கலாம். அதற்கு முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து, அறிவுசார் சொத்து பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள். சில கம்பெனிகள் நீங்கள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதும் கோடுக்கும் உரிமை கேட்கும்.