அறிதுயிலும் என்.எல்.பி.யும்: மருந்துக்கு மாற்றாகுமா?

வலிப்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உட்கொள்வோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. "ஹிப்னாடிசம் செய்துகொண்டால் மாத்திரையை விட்டுவிடலாமாமே, உண்மையா?" அண்மைக் காலமாக அவ்வினாவோடு என்.எல்.பி. என்ற பெயரும் சேர்ந்து வருகிறது. நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங் என்பதன் சுருக்கம் அது. விளம்பரப் பலகைகளில் இரண்டும் அடுத்தடுத்து எழுதப்படுவதால், இரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். ஒன்றல்ல. அவற்றுக்கு உள்ள சான்றுகளும் ஒரே தரத்தன அல்ல. ஆனால் மேற்கண்ட வினாவுக்கு மட்டும் இரண்டையும் பொறுத்தவரை விடை ஒன்றே: விடக் கூடாது.

என்.எல்.பி. 1970களில் அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் உருவானது. ரிச்சர்ட் பேண்ட்லர் அங்கு மாணவர். ஜான் கிரைண்டர் மொழியியல் ஆசிரியர். அந்நாளில் பெயர்பெற்றிருந்த உளச்சிகிச்சையாளர் சிலர் தம்மிடம் வருவோரிடம் எவ்வாறு பேசினர் என்பதைக் கூர்ந்து நோக்கி, அப்பேச்சின் அமைப்பைக் கற்றுக்கொண்டால் அவர்களது திறனை எவரும் பெறலாம் என இருவரும் கருதினர். அவ்வாறு நோக்கப்பட்டவர்களுள் மில்டன் எரிக்சன் என்ற அறிதுயில் வல்லுநரும் ஒருவர். இரண்டு பெயர்களும் ஒரே பலகையில் இடம்பெறுவதற்கு இத்தொடர்பும் ஒரு காரணம். 'நியூரோ' என்ற முன்னொட்டைக் கண்டு இது நரம்பியல் துறையில் பிறந்தது என எண்ண வேண்டா. பெயரில் இருக்கும் அளவுக்கு நரம்பியல் அதன் உள்ளே இல்லை.

அதன் கூற்றுகளுள் சில சோதித்துப் பார்க்கத்தக்கவை. எடுத்துக்காட்டாக, வலப்புறம் மேல்நோக்கிப் பார்ப்பவர் பொய் புனைகிறார், இடப்புறம் மேல்நோக்கிப் பார்ப்பவர் நடந்ததை நினைவுகூர்கிறார் என்று என்.எல்.பி. வகுப்புகளில் கற்பிக்கப்பட்டு வந்தது. 2012இல் ரிச்சர்ட் வைஸ்மனும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தனர். பொய் கூறுவோரின் கண்ணசைவுக்கும் மெய் கூறுவோரின் கண்ணசைவுக்கும் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. இவ்விதியை முன்கூட்டிக் கற்றவர்களாலும் பொய்யை மற்றவர்களைவிட நன்றாகக் கண்டுபிடிக்க இயலவில்லை.

நோயாளிகளுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வும் அதே ஆண்டு பிரிட்டனில் வெளிவந்தது. உடல்நலப் பயன்கள் குறித்த என்.எல்.பி. ஆய்வுகளைத் தேடித் திரட்டியவர்களுக்கு, கணக்கில் கொள்ளத்தக்கவையாகப் பத்து மட்டுமே கிடைத்தன. அவற்றுள் ஐந்து ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. சிகிச்சைக்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி இருந்தது என்று மட்டும் பார்த்தனர். அந்த ஐந்துமே முன்னேற்றம் கண்டதாகக் கூறின. மற்ற ஐந்தில் குலுக்கல் முறையில் ஒப்பீட்டுக் குழு அமைத்து நடத்தினர். அவற்றுள் நான்கில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உடல்நலத்தை என்.எல்.பி. மேம்படுத்தும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்றும், பயனே இல்லை என உறுதிசெய்யவும் அந்த ஆய்வுகள் போதா என்றும் ஆய்வாளர்கள் எழுதினர். நேர்மையான முடிவு அது. ஆனால் அரை நூற்றாண்டாக விற்கப்பட்டுவரும் ஒரு முறைக்கு அது பெருமை சேர்ப்பதன்று.

ஒப்பீடு செய்யாதபோது மட்டும் பலன் தெரிவது ஏன்? எம்.ஆர்.ஐ. பொறியின் குழாய்க்குள் செல்ல அஞ்சி முதல்முறை திரும்பிவிட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் முறை வருகையில் அந்த இடம் அவருக்குப் புதிதன்று. ஓசை எப்படியிருக்கும் என்பதை அறிவார். இடையே ஒருவர் அமர்ந்து அவருடன் பொறுமையாகப் பேசியும் இருக்கிறார். எந்த முறையின் பெயரும் இன்றியே அச்சம் குறைந்திருக்கக்கூடும். வலியும் மனத்துயரும் கூடிக் குறையும் இயல்புடையவை. மிகக் கூடியிருக்கும் வேளையில்தான் நாம் புதிய சிகிச்சையைத் தேடிச் செல்கிறோம். பின்னர் அது தானாகத் தணியும்போது, புகழ் கடைசியாகச் செய்த சிகிச்சைக்குப் போய்விடுகிறது. இதைப் பிரித்தறியவே ஒப்பீட்டுக் குழு தேவைப்படுகிறது. தமக்குப் பலன் கிடைத்ததாகக் கூறும் உறவினர் பொய் சொல்கிறார் என்பது இதன் பொருளன்று.

இனி அறிதுயில். இதன் வரலாறு ஒரு சோதனையில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். உடலில் ஓடும் காந்த ஆற்றலைத் தாம் செலுத்த வல்லவர் எனப் பாரிஸ் நகரில் புகழ்பெற்றிருந்தார் மெஸ்மர். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்ளின் தலைமையில் அதை ஆராய்ந்தது. மெஸ்மரின் சீடர் ஒரு மரத்திற்குக் 'காந்தம் ஏற்றினார்'. கண்கட்டிய 12 வயதுச் சிறுவன் ஒருவனைத் தோட்டத்தில் மரம் மரமாக அழைத்துச் சென்றனர். காந்தம் ஏற்றாத மரத்தடியிலேயே அவன் மயங்கி விழுந்தான். காந்த ஆற்றல் என ஒன்றில்லை, எதிர்பார்ப்பே உடலை ஆட்டுகிறது என்பது குழுவின் முடிவு. காந்தம் பொய், மயக்கமோ மெய். இந்த இரண்டாவது செய்தியே பிற்கால மருத்துவத்துக்குப் பயன்பட்டது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்குண்டு. வங்காளத்தின் ஹூக்ளியில் பணியாற்றிய ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற அறுவை மருத்துவர், 1845 முதல் இம்முறையால் வலியைத் தணித்துப் பல அறுவைகளைச் செய்தார். மயக்க மருந்துகள் அப்போது வழக்கில் இல்லை. 1846இன் இறுதியில் ஈதரும் அடுத்த ஆண்டில் குளோரோபாமும் வந்தபின் அம்முறை பின்னுக்குச் சென்றது. மருந்து விரைவாகவும் ஏறக்குறைய எல்லோருக்கும் வேலை செய்தது. அறிதுயில் அவ்வாறு செய்யாது. சிலருக்கு எளிதில் கைகூடும், சிலருக்குக் கைகூடவே கைகூடாது, பெரும்பாலோர் இடைப்பட்டவர்.

இன்றைய அறிதுயில் சிகிச்சையில் நோயாளி உறங்குவதில்லை, தன்னிலை இழப்பதுமில்லை. கவனத்தை ஒன்றில் குவித்து, உடலைத் தளர்த்தி, சிகிச்சையாளர் கூறும் கருத்துகளை மனத்தில் ஏற்கிறார். மேடை மனோவசியத்தில் காண்பது கேளிக்கை. சிகிச்சைக்கான சான்று சில இடங்களில் உண்மையாகவே உள்ளது. 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல்லின் குழு, மருந்துகளுக்குக் கட்டுப்படாத எரிச்சலூட்டும் குடல் நோயால் வருந்திய 30 பேரிடம் செய்த ஆய்வில், அறிதுயில் பெற்றவர்கள் ஒப்பீட்டுக் குழுவினரைவிட நன்கு தேறினர். ஓராண்டு மருந்து உட்கொண்டும் தணியாத அந்நோய்க்கு, பரிசீலிக்கத்தக்க உளவியல் சிகிச்சைகளுள் ஒன்றாகப் பிரிட்டனின் அரசு வழிகாட்டி நெறிகள் 2008இல் இதைச் சேர்த்தன. வலியையும், மருத்துவச் செயல்முறைகளுக்கு முந்தைய பதற்றத்தையும் தணிக்கத் துணைபுரிவதாகவும் ஆய்வுகள் உண்டு. புகைப்பழக்கத்தை நிறுத்த மற்ற வழிகளைவிடச் சிறந்தது எனக் கூறப் போதிய சான்றில்லை. மறந்த நினைவுகளை மீட்கும் என்ற கூற்றோ தீங்கானது. அறிதுயிலில் எழும் 'நினைவுகள்' புனைவாகவும் இருக்கலாம் என்றும், அவற்றைக் கூடுதலாக நம்ப இடமில்லை என்றும் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985இலேயே எச்சரித்தது. குடும்பத்தினர் மீது இல்லாத பழி விழுவதற்கும் அது வழிவகுக்கும்.

ஆக, அறிதுயில் துணைச் சிகிச்சையாக மட்டுமே பயன்படும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத தொடர்வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே கேடு வரலாம். முதல் வகை நீரிழிவு உடையவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே நிலைமை மோசமாகும். மனச்சிதைவு நோய் உடையவருக்கு மனநல மருத்துவரின் மேற்பார்வையின்றி அறிதுயில் செய்வது நோயைத் தூண்டிவிடக்கூடும்.

இத்தகைய மையங்களுக்கு மக்கள் செல்வதன் காரணம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் கிடைக்காத ஒரு மணி நேரமும், குறுக்கிடாமல் கேட்கும் செவியும் அங்கே கிடைக்கின்றன. அத்தேவை நியாயமானது. உயரம், ஊசி, மூடிய இடம் ஆகியவற்றுக்கு அஞ்சுவோர்க்கு, அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் நன்கு சோதிக்கப்பட்ட உளவியல் பயிற்சி உண்டு. அதற்கான பரிந்துரையை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அறிதுயில் சிகிச்சை பெற விரும்பினால், அதைச் செய்பவர் மருத்துவரா, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்பதைக் கேட்டறியுங்கள். என்.எல்.பி. சான்றிதழைச் சில நாள் பயிற்சியிலேயே பெற்றுவிடலாம். அது மருத்துவத் தகுதி ஆகாது. உங்கள் மருந்துச் சீட்டைப் பாராமலேயே மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் எவராயினும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் ஏற்கெனவே மாத்திரையை நிறுத்தியிருந்தால், கடிந்துகொள்ளாமல் அன்றே அழைத்து வாருங்கள். நீங்களாகவே பழைய அளவில் மீண்டும் கொடுக்கத் தொடங்க வேண்டா. லாமோட்ரிஜின் போன்ற சில மருந்துகளை இடைவெளிக்குப் பின் முழு அளவில் கொடுத்தால் கடுமையான தோல் ஒவ்வாமை ஏற்படலாம். குறைந்த அளவிலிருந்து படிப்படியாகவே உயர்த்த வேண்டும். கடைசி வேளை மாத்திரையை என்று, எத்தனை மணிக்கு உட்கொண்டார் என்பதைக் குறித்துக்கொண்டு, எஞ்சிய அட்டைகளையும் உடன் எடுத்து வாருங்கள். வரும் வழியிலேயே வலிப்பு வந்து ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால், 108க்கு அழையுங்கள்.