வெங்காயத்தின் இனிப்பும் இருப்பும்

பச்சையாகக் கடித்தாலும் நாவைச் சுடாத இனிப்பு வெங்காயத்தை வீட்டிலேயே வளர்த்து, ஆண்டு முழுவதும் வைத்து உண்ண முடியுமா என்ற கேள்வி, தோட்டக்கலையில் ஆர்வமுள்ள பலருக்கும் எழுவதுண்டு. அதற்கு விடை காண, வெங்காயத்தின் இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். இனிப்பு வெங்காயத்தில் சர்க்கரை மிகுதி என்பது பொதுவான எண்ணம். ஆனால் காரமான வெங்காயங்கள் பலவற்றில் சர்க்கரை அதற்குக் குறையாமலும், சிலவற்றில் அதைவிடக் கூடுதலாகவும் உள்ளது. காரம் குறைந்த வெங்காயத்தில் நாக்கு அந்தச் சர்க்கரையை உணர்கிறது. காரம் மிகுந்ததில் உணர்வதில்லை. வேறுபாடு இவ்வளவே.

அந்தக் காரம் முழு வெங்காயத்தில் உருவாகி இருப்பதில்லை. மண்ணிலிருந்து உறிஞ்சிய கந்தகத்தைக் கொண்டு செடி ஆக்கும் ஐசோ அல்லியின் என்னும் மணமற்ற பொருள் உயிரணுவின் ஓர் அறையிலும், அதைச் சிதைக்கவல்ல அல்லினேஸ் என்னும் நொதி (உடலில் வேதிவினையைத் தூண்டும் புரதம்) மற்றோர் அறையிலும் தனித்தனியே அடைபட்டுள்ளன. மஞ்சளும் சுண்ணாம்பும் தனித்தனியே இருக்கும்வரை நிறம் மாறாதிருந்து, நீரில் கலந்த கணத்தில் ஆரத்தியாகச் சிவப்பதைப் போல, அரிவாள்மணையில் வெங்காயம் வெட்டுப்பட்டு அறைச்சுவர்கள் உடைந்த கணத்தில்தான் இவ்விரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. கண்ணைக் கரிக்கச் செய்யும் ஆவியை உண்டாக்குவதற்கென்றே இரண்டாவது நொதி ஒன்று இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இவ்வினைகளின்போது உடன்விளையும் பைருவிக் அமிலத்தின் அளவைக் கொண்டே காரம் அளக்கப்படுகிறது; ஒரு கிராம் வெங்காயத்துக்கு ஏறத்தாழ 5 மைக்ரோமோல் அளவுக்குக் கீழ் நிற்பதை இனிப்பு வெங்காயம் என்று கொள்வது வழக்கம்.

ஆகவே இனிப்பு வெங்காயம் விதையால் மட்டும் அமைவதன்று, மண்ணாலும் அமைவது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டூம்ஸ் மாவட்ட உழவர் ஒருவர் 1931-ஆம் ஆண்டு தம் நிலத்து வெங்காயம் காரமின்றி இருப்பதைக் கண்டதிலிருந்து விடேலியா வெங்காயத்தின் வரலாறு தொடங்குகிறது; கந்தகம் குறைந்த அந்த மணற்பாங்கான மண்ணே அதன் சுவைக்குக் காரணம். அப்பெயரைக் குறிப்பிட்ட பகுதிகளில் விளைந்ததற்கு மட்டுமே வழங்க வேண்டும் என்று அம்மாநிலம் 1986-இல் சட்டமும் இயற்றியது. இந்தியாவில், மராட்டிய மாநிலம் அலிபாக்கில் நெல் அறுவடைக்குப் பின் எஞ்சும் ஈரத்தைக் கொண்டு விளைவிக்கப்பட்டு, சடைபோலப் பின்னி விற்கப்படும் வெள்ளை வெங்காயம் இத்தகையது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

தமிழ்நாட்டில், செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்தில் இத்தகைய வெங்காயத்தை விளைவிக்க எண்ணுபவர் இரண்டு தடைகளைக் கருத வேண்டும். முதலாவது பகல் நீளம். வெங்காயம் தன் ரகத்துக்குரிய பகல் நீளத்தை எட்டினால்தான் இலை விடுவதைக் குறைத்துக் குமிழ் கட்டும். செஞ்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை என்பதால், வாலா வாலா போன்ற வட அமெரிக்க நெடும்பகல் ரகங்களின் விதையை வாங்கி விதைப்பவருக்குத் தாள் மட்டுமே மிஞ்சும். இரண்டாவது தடை கந்தகம். இவ்வட்டாரத்து மேட்டு நிலங்களின் முக்கியப் பயிரான மணிலாவுக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது பரிந்துரைக்கப்படும் முறையாகும். ஜிப்சம் என்பது சுண்ணச்சத்தும் கந்தகமும் சேர்ந்த உப்பாதலால், அதன் எச்சம் நிற்கும் நிலத்தில் அடுத்து நடப்படும் வெங்காயம் காரமாகவே விளையும். இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. இனிப்பு வெங்காயம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீராகவும், மெல்லிய தோலுடனும் இருப்பதால் விரைவில் அழுகுவது. காரமும் கெட்டித்தன்மையும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், நெடுநாள் நிற்பது கார வெங்காயமே. விடேலியாவைச் சில மாதங்கள் காப்பதற்குக்கூட, ஆப்பிளுக்கென உருவான, பிராணவாயுவைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டிய குளிர்க்கிடங்குகள் தேவைப்பட்டன.

தமிழ்நாட்டின் சின்ன வெங்காயம் விடேலியாவுக்கு நேர்மாறானது. விதை வெங்காயத்தைப் பார்களின் இரு பக்கமும் ஊன்றினால், ஒவ்வொன்றும் பல குமிழ்களாகப் பிரிந்து ஏறத்தாழ இரண்டரை மாதத்தில் முற்றும். ஹெக்டேருக்குச் சுமார் 1500 கிலோ விதை வெங்காயம் வேண்டியிருப்பதால், ஒரு பட்டத்தில் விளைந்ததை அடுத்த பட்டம்வரை கெடாமல் காப்பது உழவருக்குக் கட்டாயமாயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 போன்ற, விதை பிடிக்கும் ரகங்கள் வந்தது பிற்காலத்தில்தான். அக்கட்டாயத்திலிருந்து வளர்ந்த கலையே பெரம்பலூர்ப் பக்கத்து உழவர் போடும் பட்டறை. தரையிலிருந்து உயர்த்திய தளத்தில், பக்கங்களில் காற்று புகும் தட்டி கட்டி, தாளுடன் உலர்ந்த வெங்காயத்தை அடுக்கி, மேலே ஓலை வேயும் எளிய அமைப்பு அது.

பட்டறையைப் போலன்றி, ராஜகிரிக் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் செஞ்சிக் கோட்டையின் களஞ்சியம் தடித்த சுவரும் வளைகூரையும் கொண்டு, ஈரமும் எலியும் அணுகாதபடி நெல்லை அடைத்துக் காக்க எழுந்தது. வெங்காயத்தை அத்தகைய அறையில் கொட்டினால் சில வாரங்களில் அழுகிவிடும். உலர்ந்த நெல்லின் மூச்சு மிகச் சிறிது. சதைப்பற்றுள்ள வெங்காயமோ உறக்கநிலையிலும் ஓயாது மூச்சுவிட்டு, வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியிடுவது. அந்த ஈரம் வெளியேற வழியின்றித் தேங்கினால் கரும்பூஞ்சையும் அழுகலும் பற்றும். வெப்பநிலையிலும் ஒரு விந்தை உண்டு: உறைநிலையை ஒட்டிய குளிரிலும், 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்திலும் முளைப்பு அடங்கியிருக்க, இடைப்பட்ட 10 முதல் 20 பாகையில்தான் அது விரைகிறது. எனவே தமிழ்நாட்டின் வெயிலே, காற்றோட்டம் இருக்குமானால், வெங்காயத்துக்குப் பாதுகாப்பு. பலரும் நம்பும் குளிர்சாதனப் பெட்டியோ ஈரத்தைத் தந்து அழுகலுக்கு இடங்கொடுப்பது.

பட்டறை எவ்வளவு நன்றாக அமைந்தாலும், காப்பு தொடங்குவது வயலில்தான். தாளில் பாதிக்கு மேல் சாய்ந்த பின் பறிப்பதும், பறிப்பதற்குப் பத்து நாள் முன்பே நீரை நிறுத்துவதும், கழுத்து எனப்படும் தாளடிப் பகுதி சருகாகும்வரை நிழலில் உலர்த்துவதும் தவிர்க்க முடியாதவை. எடை கூடும் என்று கடைசி நாள்வரை நீர் பாய்ச்சுவதும், ஈரக் கழுத்துடன் மூட்டை பிடிப்பதும், பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதும் இக்காலத்து வழக்கங்களாகிவிட்டன. அழுகிய வெங்காயத்தில் பெரும்பகுதி இவ்வழக்கங்களின் விளைவேயன்றி வெங்காயத்தின் குற்றமன்று.

காத்த கார வெங்காயம் இனிப்பாவது அடுப்பில். உரித்த சின்ன வெங்காயத்தை நறுக்காமல் முழுதாகச் சாம்பாரில் இடும்போது, அறைச்சுவர்கள் இளகி உடையும் முன்பே வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், காரம் பெரும்பாலும் பிறப்பதேயில்லை. உள்ளிருந்த சர்க்கரை மட்டும் நாவுக்குத் தெரிகிறது. நறுக்கியதை நல்லெண்ணெயில் பொறுமையாக வதக்கினாலோ, பிறந்த காரம் ஆவியாகி, நீரும் வற்றிச் சர்க்கரை செறிகிறது. சமையலறை கண்ட மற்றொரு வழி வடகம்: சித்திரை வெயிலில், இடித்த சின்ன வெங்காயத்துடன் பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் சேர்த்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டிப் பல நாள் காயவைத்தால் அடுத்த கோடைவரை தாளிக்க உதவும். புதுச்சேரி வழியே பிரான்சுக்குச் சென்ற இவ்வடகம், அங்குச் சமையற்கலைஞர்கள் போற்றும் 'வடூவான்' என்னும் மசாலாவாக நிற்க, பிறந்த ஊர்களில் அதை உருட்டும் வீடுகள் குறைந்துவருவது வருந்தத்தக்கது.

இனிப்பு வெங்காயத்தை ஆண்டு முழுவதும் விரும்புபவர் தேட வேண்டியது அயல்நாட்டு விதையை அன்று. காரமாய் விளைந்து, காய்ந்த கழுத்துடன் காத்து வைக்கப்பட்ட உள்ளூர் வெங்காயத்தை. விலை சரியும் நாளில் களத்திலேயே வந்த விலைக்கு விற்றுத் தீர்க்கும் உழவருக்குப் புதிய ரகங்களைவிட முதலில் தேவைப்படுவது காற்றோட்டமான ஒரு கொட்டகையே. ஓலையும் தட்டியும் கொண்டு முன்னோர் தீர்த்த சிக்கலை, மூங்கிலும் கம்பிவலையும் கொண்டு ஒவ்வோர் ஊரிலும் தீர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வாங்குபவரும் ஈர வெங்காயத்தின் பளபளப்பை விடுத்து, சருகுத்தோலும் இறுகிய கழுத்தும் உடையதைக் கேட்டு வாங்கத் தொடங்கினால், அந்தக் கொட்டகையின் பயனும் உழவரைச் சென்று சேரும்.