புதையல் வேட்டைக்கு ஏற்றது கோடையா, குளிரா?



புதையல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பாழடைந்த கோட்டை, கிழிந்த வரைபடம், காவலுக்கு ஒரு நாகப்பாம்பு! ஆனால் இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட புதையல்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்றால் நம்புவீர்களா? அவற்றில் தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு டப்பா. உள்ளே கண்டுபிடித்தவர் பெயரும் தேதியும் எழுத ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில், சில விளையாட்டுச் சாமான்கள். அவ்வளவுதான்! இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர்.

டப்பா இருக்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் கொடுப்பார்கள். ஜி.பி.எஸ். கருவியையோ செல்போனையோ எடுத்துக்கொண்டு நாம்தான் தேடிப் போக வேண்டும். கண்டுபிடித்ததும் நோட்டில் பெயர் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

இதை விளையாடுகிறவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. தேடப் போக வெயில் காலம் நல்லதா, குளிர் காலம் நல்லதா? காப்பியா டீயா என்பது போல இதுவும் ருசி விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தால் பேட்டரி, பிளாஸ்டிக், ரேடியோ அலை என்று நம்ம சிலபஸே வந்து நிற்கிறது. அதோடு, கொஞ்சம் ஏமாந்தால் உயிருக்கே ஆபத்தாகும் விஷயமும் இருக்கிறது.

பிறந்த கதை

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் சொத்து. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகள் அனுப்பும் சிக்னலில், பொதுமக்கள் துல்லியமாக இடம் அறியக்கூடாது என்று முன்பு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். அதனால் 100 மீட்டர் வரை தப்பு வரும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அதிபர் கிளிண்டன் உத்தரவுப்படி அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. சாதாரணக் கருவிகளின் துல்லியம் ஒரே இரவில் சுமார் பத்து மடங்கு கூடியது!

அடுத்த நாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பக்கெட்டைப் பாதி புதைத்து வைத்து, அதன் இருப்பிடத்தை அறிவித்தார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது மண்ணைத் தோண்டிப் புதைக்க விதிகளில் பொதுவாக இடமில்லை. கல் இடுக்கு, மரப்பொந்து, வேர்க்கால் என்றுதான் ஒளித்து வைக்கிறார்கள்.

எந்த ஊர் வெயில், எந்த ஊர் குளிர்?

ஊரைச் சொல்லாமல் காலத்தைப் பற்றிப் பேச முடியாது. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே குளிர்காலம்தான் வெளியே போக ஏற்றது, விவாதமே கிடையாது. ஆகவே இரு கட்சிக்கும் சம பலம் உள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்: கனடா எல்லையை ஒட்டிய மினசோட்டா மாநிலம். காடும் ஏரியும் நிறைந்த பூமி. அங்கே மினியாபொலிஸ் நகரில் ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 28 டிகிரி. ஜனவரியில் பகலிலேயே சராசரி மைனஸ் 5, இரவில் மைனஸ் 13. நம்ம ஊர் மார்கழிப் பனி இல்லைங்க, பஞ்சு மாதிரி கொட்டி முழங்கால் வரை குவிகிற ஸ்நோ!

கோடைக் கட்சியின் வாதம்

முதல் பலம், வெளிச்சம். ஜூன் மாதத்தில் அங்கே பகல் பொழுது 15½ மணி நேரம். இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும். கையுறை வேண்டாம், கனத்த கோட்டு வேண்டாம். டப்பாவைத் திறந்து பெயர் எழுதுவது சுலபம். சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

பலவீனம் என்ன? இலை! ஓக், மேப்பிள், பிர்ச் மரங்கள் கோடையில் அடர்ந்து நிற்கும். ஜி.பி.எஸ். சிக்னலின் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 19 செ.மீ. இவ்வளவு தூரம் வந்து சேரும் சிக்னல் ஏற்கெனவே மிகவும் பலவீனமானது. இலையில் இருக்கும் தண்ணீர் அதில் ஒரு பகுதியைக் குடித்துவிடும். மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். திறந்தவெளியில் 3 மீட்டர் பிழை காட்டும் கருவி காட்டுக்குள் 10 மீட்டர் காட்டலாம்.

இதைக் கணக்காகப் பாருங்கள். ஆரம் 3 மீட்டர் என்றால் தேட வேண்டிய பரப்பு 28 சதுர மீட்டர். ஆரம் 10 ஆனால் 314 சதுர மீட்டர்! பிழை மூன்று மடங்கு கூடினால் வேலை பதினொரு மடங்கு கூடுகிறது. பரப்பு ஆரத்தின் வர்க்கத்தில் ஏறும் என்று படித்தோமே, அது காட்டுக்குள் இப்படித்தான் காலை வலிக்க வைக்கும்.

அடுத்து உண்ணி. மான் உண்ணி என்று ஒரு வகை, லைம் நோயைப் பரப்பும். மே முதல் ஜூலை வரை அதன் குஞ்சுகள் கசகசா அளவில் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் உடம்பில் ஒட்டியிருந்தால்தான் நோய் பரவும் என்பதால், வீடு திரும்பியதும் உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பது அங்கே கட்டாயப் பழக்கம். அதுபோக பாய்ஸன் ஐவி என்று மூன்றிலைக் கொடி ஒன்று உண்டு. அதன் எண்ணெய் தோலில் பட்டால் வாரக்கணக்கில் அரிப்பும் கொப்புளமும்தான்.

குளிர்க் கட்சியின் வாதம்

இலை உதிர்ந்துவிட்டது, வானம் திறந்துவிட்டது. சிக்னல் தெளிவு. கண்ணுக்கும் தெளிவு. கோடையில் பத்தடி தூரத்தில் தெரியாத பொந்து இப்போது ஐம்பதடியில் தெரியும். கொசு இல்லை, பூங்காவில் கூட்டமும் இல்லை. விளையாட்டைப் பற்றி அறியாதவர்கள் பார்த்துவிட்டால் டப்பா களவு போகும் என்பதால், யாரும் பார்க்காமல் எடுப்பது பெரிய விஷயம்.

ஆனால் இங்கேயும் மூன்று திருத்தம் போட வேண்டும். ஒன்று, இலை உதிர்வதெல்லாம் ஓக், மேப்பிள் போன்ற மரங்களில்தான். உல்மர் பக்கெட் வைத்த ஒரிகன் பக்கத்தில் ஊசியிலைக் காடு, அது வருஷம் முழுக்கப் பச்சை. அங்கே குளிர்காலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டு, மான் உண்ணியின் வளர்ந்த பூச்சி, வெப்பம் உறைநிலைக்கு மேலே ஏறிய நாட்களில் குளிர்காலத்திலும் வெளியே வரும். மூன்று, இலை இல்லாத ஐவித் தண்டிலும் அந்த எண்ணெய் இருக்கும்.

ஸ்நோ விழுந்த பிறகு கதை இன்னும் மாறுகிறது. கிளையில் தொங்கும் டப்பா தப்பித்தது. வேர்க்காலில் உள்ளது? 5 மீட்டர் ஆர வட்டம் என்றால் 78.5 சதுர மீட்டர். அரை மீட்டர் ஆழ ஸ்நோ என்றால் கிளற வேண்டியது சுமார் 39 கன மீட்டர்! நாலைந்து லாரி லோடு. அதனால்தான் பல டப்பாக்களின் குறிப்பில் குளிர்காலத்தில் எடுக்க முடியுமா, உண்ணி உண்டா, விஷச்செடி உண்டா என்று அடையாளக் குறிகள் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் கிளம்புகிறவன் சர்க்யூட் டயக்ராம் பார்க்காமல் ஒயரிங் செய்கிறவன் மாதிரி.

பேட்டரியும் டப்பாவும்

எலக்ட்ரிகல் நண்பர்கள் கவனிக்கவும். குளிர் கூடக் கூட பேட்டரிக்குள் ரசாயன வினை மந்தமாகும், உள் மின்தடை ஏறும். சார்ஜ் 30 சதவீதம் காட்டிக்கொண்டே இருக்கும் போன், கரண்ட் கொஞ்சம் அதிகம் இழுத்ததும் வோல்டேஜ் சரிந்து திடீரென்று அணைந்துவிடும். சூடு பட்டதும் திரும்ப உயிர் வரும். அணைந்தது நடுக்காட்டில் என்றால்? திரும்பி வரும் வழி அந்தப் போனில்தானே இருக்கிறது! இன்னொன்று: உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். ஆகவே அனுபவசாலிகள் போனைச் சட்டையின் உட்பையில் உடம்புச் சூட்டில் வைப்பார்கள். தனி ஜி.பி.எஸ். கருவிக்குச் சாதாரண ஆல்கலைன் செல் போடாமல், மைனஸ் 40 வரை தாங்கும் லித்தியம் செல் போடுவார்கள்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு டப்பா. தண்ணீர் ஐஸாகும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் பெருகும். மூடி இடுக்கில் புகுந்த ஈரம் உறைந்தால் ஒன்று மூடி திறக்காது, அல்லது டப்பா விரிசல் விடும். பாலிபுரொப்பிலீன் டப்பா உறைநிலைக்குக் கீழே போனால் நொறுங்கும் குணம் பெறும். பாலி எத்திலீன் அதைவிட எவ்வளவோ குளிரைத் தாங்கும். ரப்பர் கேஸ்கெட் வைத்த பழைய ராணுவ இரும்புத் தோட்டாப் பெட்டிக்கு இந்த விளையாட்டில் தனி மரியாதை இருப்பதற்குக் காரணம் இதுதான். பால் பாயின்ட் பேனா மை குளிரில் இறுகிவிடும். பென்சில் எந்தக் காலத்திலும் எழுதும்.

ஏரி மேல் ஒரு நடை

குளிர்க் கட்சியின் துருப்புச் சீட்டு ஒன்று உண்டு. மினசோட்டாவில் 10,000-க்கும் மேற்பட்ட ஏரிகள். ஏரி நடுவில் உள்ள தீவில் டப்பா இருந்தால் கோடையில் படகு வேண்டும். ஜனவரியில் ஏரியே தரையாகிவிடும், நடந்தே போகலாம்!

ஆபத்தும் இங்கேதான். மனிதன் நடக்கத் தெளிந்த புது ஐஸ் குறைந்தது 4 அங்குலம் இருக்க வேண்டும் என்பது அந்த மாநில இயற்கை வளத் துறையின் கணக்கு. வெள்ளையான ஐஸ் என்றால் இரண்டு மடங்கு வேண்டும். எந்த ஐஸும் நூறு சதவீதம் பத்திரமில்லை என்றும் அவர்களே எச்சரிக்கிறார்கள். ஊற்று இருக்கும் இடத்திலும் ஓடை சேரும் இடத்திலும் ஐஸ் மெலிந்திருக்கும், மேலே கிடக்கும் ஸ்நோ அதை மறைத்துவிடும். உள்ளே விழுந்தால்? கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சொல்லிக் கொடுக்கிறார். மூச்சை நிதானப்படுத்த 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணி நேரம். தனியாகப் போனவனை அந்த ஒரு மணி நேரத்தில் யார் தேடுவார்கள்?

தரையிலும் எச்சரிக்கை வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கி.மீ. காற்று அடித்தால், உடம்புக்கு அது மைனஸ் 28 போல உறைக்கும். மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்துவிடும். வேகமாக நடந்து வியர்த்தால் பருத்தித் துணி அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நின்றதும் உடம்புச் சூடு இறங்கும். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் முதலில் தடுமாறுவது புத்தி. தனக்கு ஆபத்து என்பதே அவனுக்குத் தெரியாது.

என்னதான் தீர்ப்பு?

தேடுவதற்கு மட்டும் என்றால் என் ஓட்டு, இலை உதிர்ந்து ஸ்நோ விழாத இடைக்காலத்துக்கும், ஸ்நோ உருகி இலை துளிர்க்காத ஏப்ரலுக்கும்தான். இலையும் மறைக்காது, ஸ்நோவும் மறைக்காது. நவம்பரில் மட்டும் அங்கே மான் வேட்டை சீசன். பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போடாமல் காட்டுக்குள் போகக்கூடாது.

ஆனால் கோடையா குளிரா என்ற கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. திட்டமிட்டதைவிட இரண்டு மணி நேரம் தாமதமானால் என்ன ஆகும்? ஜூன் மாதம் என்றால் கால் வலிக்கும், பசிக்கும், வீட்டில் திட்டு விழும். டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அதற்குமேல் இருட்டு, குளிர், அணைந்த போன்! கோடை நம் தவறுகளை மன்னிக்கும். குளிர்காலம் மன்னிக்காது. நம்ம பாடத்தில் ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி என்று வருமே, அது கோடையில் தானாகவே கிடைக்கிறது. குளிரில் அதை நாம்தான் கையோடு எடுத்துப் போக வேண்டும்: கூட ஓர் ஆள், மாற்று உடை, காகித வரைபடம், டார்ச், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லி வைத்த ஒரு வார்த்தை.

நண்பர்களே, நமக்கு ஸ்நோவும் இல்லை, உறைந்த ஏரியும் இல்லை. ஆனால் சர்வே கேம்ப் உண்டு, நாளை சைட் வேலை உண்டு, மலையில் டவர் வேலை உண்டு. கருவி காட்டும் எண்ணைப் படிக்க எல்லோருக்கும் வரும். அந்தக் கருவி எந்த வெயிலில், எந்த மரத்தடியில், எந்த பேட்டரியில் அந்த எண்ணைக் காட்டுகிறது என்று யோசிப்பவனே டெக்னீஷியன். கிளம்பும் முன் அந்த இரண்டு மணி நேரக் கேள்வியை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். டப்பா எங்கும் ஓடிப்போகாது, நாம் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.