உங்களுக்குத் தெரியுமா? செஞ்சிக் கோட்டையின் கடைசிப் பூட்டு ஒரு பாலம்!

செஞ்சியின் ராஜகிரி மலை ஏறக்குறைய 800 அடி உயரம். மூச்சு வாங்கப் படியேறி, உச்சி இதோ என்று நினைக்கும் இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. கோட்டை கட்டியவர்கள் அந்தப் பிளவைத் தூர்க்கவில்லை. அதன்மேல் ஒரு மரப்பாலம் போட்டார்கள், வேண்டும்போது தூக்கிவிடும்படி! பாலம் போய்விட்டால் பகைவனுக்கு எதிரே செங்குத்துப் பாறையும் மூடிய வாசலும்தான். பத்துப் பேர் இருந்தாலே உச்சியைக் காத்துவிடலாம் என்று பழைய குறிப்புகள் சொல்வது மிகையே இல்லை.

1690-இல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்குச் செஞ்சியைப் பிடிக்க 1698 வரை ஆனது. தளபதி சுல்ஃபிகர் கானின் தயக்கமும் காரணம் என்பார்கள். இந்த மலையில் ஏறிப் பார்த்தவர்கள் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டார்கள். இன்று அங்கே நிலையான பாலத்தில் நடக்கலாம். நடுவில் நின்று கீழே எட்டிப் பாருங்கள், அந்தப் பிளவின் பலம் புரியும்.

செஞ்சியில் மரத்தால் இருந்த தூக்கும் பாலம், 1914-இல் பாம்பன் கடலில் எஃகு ரயில் பாலமாக வந்தது. பாம்பனில் நோக்கம் பகைவனைத் தடுப்பதல்ல, கப்பலுக்கு வழிவிடுவது. முக்கோணங்களாகக் கோத்த சட்டங்களால் ஆன இரண்டு இறக்கைகளைத் தொழிலாளர்கள் கைபலத்தால் திறந்தார்கள். முக்கோணம் எளிதில் நெளியாது, அதனால் குறைந்த எஃகே ரயிலின் எடையைத் தாங்கியது. 2025-இல் திறந்த புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளப் பகுதி மோட்டாரால் அப்படியே மேலே எழும்புகிறது.