சமூக மாற்றத்தில் நூலகர்களின் பங்கு

நூலகர் என்பவர் நூல்களைச் சேகரித்து, வகைப்படுத்தி, பாதுகாத்து, வாசகர்களுக்கு வழங்குபவர் ஆவார். அந்நூல்கள் யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பதிலும் அவர் கருத்துச் செலுத்தும்போது அவரது பணி சமூகப் பணியாகிறது. 1924 முதல் 1948 வரை சென்னை மாகாணத்தில் நடந்த நூலக இயக்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. நூலைக் காப்பதே நூலகத்தின் முதற்கடமை என்று கருதப்பட்டது. சங்கிலிகள் மறைந்த பிறகும் அந்த எண்ணம் முற்றிலும் மறையவில்லை. வாசகர் நூலடுக்குகளை நெருங்க முடியாத நிலை பல நூலகங்களில் தொடர்ந்தது. வேண்டிய நூலின் பெயர் தெரிந்தவரால் மட்டுமே அதைக் கேட்டுப் பெற முடிந்தது. புதிதாகப் படிக்க வருபவருக்கு இது பெருந்தடையாக இருந்தது.

அரங்கநாதனின் பணி

சீர்காழியைச் சேர்ந்த சீ. இரா. அரங்கநாதன் (1892–1972) கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகவியல் பயில இலண்டன் சென்ற அவர், அங்கு பொது நூலகங்கள் தொழிலாளர், பெண்கள், குழந்தைகள் என அனைவருக்கும் பயன்படுவதைக் கண்டார். 1925-இல் திரும்பியதும் வாசகர்கள் தாமே அடுக்குகளுக்குச் சென்று நூல்களைப் பார்த்து எடுக்கும் திறந்த அடுக்கு முறையைக் கொண்டுவந்தார்.

1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது நூலகர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கியது. 1931-இல் அரங்கநாதனின் நூலக அறிவியலின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தது. அவ்விதிகள் பின்வருமாறு:

1. நூல்கள் பயன்பாட்டிற்கே.
2. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்.
3. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்.
4. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும்.
5. நூலகம் வளரும் ஓர் உயிரி.

இவற்றுள் இரண்டாம் விதியே சமூக மாற்றத்துடன் நெருங்கிய தொடர்புடையது. பெண்கள், கிராமத்தார், பார்வையற்றோர், நோயாளிகள், சிறைவாசிகள் ஆகியோருக்கும் நூல் பெறும் உரிமை உண்டு என்பதை அரங்கநாதன் இவ்விதியின் கீழ் விளக்கினார்.

மாட்டுவண்டி நூலகம்

நூலகத்திற்கு வர இயலாதவரிடம் நூலகமே செல்ல வேண்டும் என்ற கருத்து அதே ஆண்டில் செயல் வடிவம் பெற்றது. 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபை பிள்ளை இரட்டை மாட்டுவண்டியில் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். நகரத்தில் மட்டுமே கிடைத்த நூல்கள் இதனால் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் சென்றன.

நூலகச் சட்டம்

தனியார் ஆர்வத்தால் தொடங்கும் நூலகம், அந்த ஆர்வம் குறைந்தால் நின்றுவிடும். நிலையான வருவாய்க்குச் சட்டம் தேவை என்பதை உணர்ந்த அரங்கநாதன், 1930-இல் காசியில் நடைபெற்ற அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டமொன்றை முன்வைத்தார். அவரும் சங்கத்தாரும் தொடர்ந்து முயன்றதன் பயனாக, தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. இதன்படி நூலக ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. சொத்து வரியுடன் நூலக வரியும் வசூலிக்கப்பட்டது. இதனால் நூலகம் செல்வந்தரின் கொடையாக இல்லாமல் மக்களின் உரிமையாயிற்று.

இன்றைய நிலை

கிளை நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களில் பலருக்கு வீட்டில் தனி அறையோ, நூல்களை விலைக்கு வாங்கும் வசதியோ இல்லை. அவர்களுக்குத் தேவையான நூல்களைக் கேட்டறிந்து வரவழைப்பது, வாசகர் வட்டங்களை நடத்துவது, குழந்தைகளை நூலகத்திற்கு ஈர்ப்பது, இணையத் தகவல்களின் உண்மையை அறிய உதவுவது ஆகியவை இன்றைய நூலகரின் பணிகளாகும். 2010-இல் திறக்கப்பட்ட சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவும் உள்ளது.

ஆயினும் உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் நூலக வரி உரிய காலத்தில் நூலகங்களுக்குச் சேராமையும் பணியாளர் பற்றாக்குறையும் இப்பணிக்குத் தடைகளாக உள்ளன. பூட்டிய நூலகத்தால் பயனில்லை. அதைத் திறந்து வைத்து, தயங்கி நிற்பவரையும் உள்ளே அழைக்க நூலகர் தேவை. அரங்கநாதனின் பிறந்த நாளான ஆகஸ்ட் 12 இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.