காலநிலையும் நம் கிணறும்

காலநிலை மாற்றம் என்னும் சொற்றொடர் இன்று எங்கும் பேசப்படுகின்றது. அதனைக் கேட்டவுடன் துருவத்துப் பனிப்பாறைகளும் உலகத் தலைவர்கள் கூடும் மாநாடுகளுமே பலருக்கு நினைவில் வருகின்றன. ஆயின், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோருக்கு அது தத்தம் கிணற்றைப் பற்றிய செய்தியாகும். அது எவ்வாறு என்பதை நேயர்களுக்கு எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அம்மாற்றம் யாது எனச் சுருங்கக் காண்போம். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது எழும் காபனீரொட்சைட்டு வாயு, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்து வைக்கின்றது. இவ்வாயு பெருகினால் உலகம் வெப்பமுறும் என்பதை அரேனியசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1896ஆம் ஆண்டிலேயே கணித்துக் காட்டினார். யந்திரத் தொழில் பெருகுமுன் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காயிருந்த அவ்வாயு, இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது. வெப்பம் ஒரு பாகை ஏறினால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும் மழை, பெய்யும்போது கொட்டித் தீர்க்கின்றது. வெம்மையால் கடல்நீர் விரிவதாலும் நிலத்துப் பனி உருகுவதாலும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கடல்மட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது.

இனி, நம் நிலத்தை நோக்குவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்கும் நமக்குரிய செல்வம். அம்மழை மண்ணூடு இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அவ்வாறு தங்கும் நன்னீர், அதன் கீழே கடலிலிருந்து ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மீது, எண்ணெய் நீரில் மிதப்பது போல மிதந்து கொண்டிருக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் சற்றே இலேசானது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நூல்வழிக் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்து அந்நிலையே நீடித்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏற முற்படும். ஒரு கிணறு உவராவது இவ்வாறே. உவரான கிணற்றை மீட்பதற்குப் பல மாரிகள் வேண்டியிருக்கும்.

இந்நுண்ணிய சமநிலையையே காலநிலை மாற்றம் குலைக்கின்றது. கடல் உயர்வது ஒருபுறம். மழை சில நாளில் கொட்டிவிட்டு ஓடிவிடுவது மறுபுறம். 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயல் கொணர்ந்த மழையால் குடாநாடே வெள்ளக்காடாயிற்று. அவ்வளவு நீரும் நிலத்தினுள் இறங்கியதா? இல்லை, பெரும்பகுதி கடலையே சென்றடைந்தது.

இதற்கு நம் கையும் துணைபோகின்றது. மணல் பரந்த முற்றங்களுக்குச் சீமெந்து பூசிவிட்டோம். கேணிகளையும் குளங்களையும் தூரவிட்டோம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே இறைப்புக்கு ஓர் எல்லை வகுத்தது. நீரிறைக்கும் யந்திரத்துக்கோ களைப்பில்லை. மீண்டும் துலாவுக்குச் செல்லுமாறு நான் கூறவில்லை. களைப்பு வகுத்த எல்லையை இனி அறிவு வகுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

செய்யத்தக்கது யாது? 100 சதுர மீற்றர் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு இலட்சம் இலீற்றர் நீர் சேரும். குடாநாட்டில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சாதாரணமாக இவ்வளவுக்குக் குறைவதில்லை. அந்நீரைப் பீலி வைத்துத் தொட்டியிற் சேர்க்கலாம். எஞ்சியதைக் கல்லும் மணலும் இட்ட குழியொன்றில் இறக்கலாம். கூரையைக் கழுவி வரும் முதல் மழையை விலக்கிவிடுதல் வேண்டும். மலசலகூடக் குழிக்கு அண்மையில் இக்குழியை வெட்டுதல் ஆகாது. சுண்ணக்கல் நன்னீரைப் போலவே அழுக்கையும் விரைந்து உள்ளே விடும். தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இடும் இரசாயனப் பசளையும் அவ்வழியே கிணற்றை அடைகின்றது. பனையோலையையும் பூவரசங் குழையையும் மண்ணில் தாழ்த்த நம் முன்னோர் வழக்கம், பசளையாகவும் ஈரங்காக்கும் உபாயமாகவும் அமைந்தது. எனினும், 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளையைத் திடீரெனத் தடைசெய்தபோது விவசாயிகள் பட்ட அல்லலை நாம் மறக்கலாகாது. இத்தகைய மாற்றங்கள் படிப்படியாகவே நிகழவேண்டும்.

"உலகத்துப் புகையில் நம் பங்கு மிகச் சிறிது, நாம் சிக்கனமாயிருப்பதால் என்ன பயன்?" எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. பெரும் புகை எழுப்பிய நாடுகளே பெரும் பொறுப்பும் ஏற்கவேண்டும். ஆயினும் நம் சிக்கனத்தின் முதற்பயன் நமக்கேயாகும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் அற்றுப்போனபோது நமக்குக் கைகொடுத்தது துவிச்சக்கரவண்டியன்றோ? தாளையடியில் 2024ஆம் ஆண்டு கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது வேண்டியதொன்றே. ஆனால், வானம் விலையின்றிச் செய்யும் வேலையை அங்கே மின்சாரம் செய்கின்றது. அம்மின்சாரத்துக்காக எரிபொருளை எரிப்பின், நோய்க்குக் காரணமானதையே மருந்தாக உண்பதாகும். வானம் தருவதை முதலிற் காப்பதே இலாபம்.

கல்வித்துறையில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் ஒன்று கூறி முடிக்கின்றேன். ஒவ்வொரு பாடசாலையும் தன் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் கயிறு விட்டு அளந்து குறித்து வைக்கட்டும். ஒரு மழைமானியையும் முற்றத்தில் நாட்டட்டும். செலவு சொற்பம். பத்து ஆண்டு சென்றபின், தம் ஊர்த் தண்ணீரின் வரவையும் செலவையும் கணக்குடன் அறிந்த ஒரு தலைமுறை நம்மிடையே இருக்கும். கணக்கறிந்தவன் முதலை வீணே இழக்கமாட்டான்.